அப்பா எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரத்தப் புற்றுநோய்ச் சாவுகள் பல நாடுகளில் குறைந்து வருவதாகச் சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் ஆசியாவின் பல நாடுகளில் இந்தச் சாவு தொடக்கத்திலிருந்தே குறைவு என்ற ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. உண்மையாகவும் இருக்கலாம். யார் எண்ணினார்கள் என்பதே என் கேள்வி.

என் அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். 1983-இல் காலமானார், வயது 46. கடைசி ஆறு மாதம் அவரால் அரைத் தட்டுச் சோறுகூட உண்ண முடியவில்லை. வயிறு முட்டுகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். இடப்பக்க விலாவுக்குக் கீழே கல்லைப் போல ஒரு வீக்கம். அம்மா விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார். தோட்டத்து டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர், மலேரியாவுக்கு மருந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். மலேரியாவிலும் இடப்பக்கத்து மண்ணீரல் இப்படி வீங்கும். லயத்து வீட்டிலேயே உயிர் பிரிந்தது. அடக்க அனுமதி வாங்கப் போன சித்தப்பாவிடம் போலீஸ் நிலையத்தில் என்ன நோய் என்று கேட்டிருக்கிறார்கள். காய்ச்சல் என்றார். மலாயில் 'டெமாம்' என்று அதையே எழுதிக் கொடுத்தார்கள். கிழவர் கிழவியாக இருந்திருந்தால் 'சாக்கிட் துவா', முதுமை நோய், என்று முடித்திருப்பார்கள்.

2005-இல் என் மைத்துனருக்கும் அதே வீக்கம், அதே அரைத் தட்டுச் சோறு. செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி இரத்தம் எடுத்துப் பார்த்தால், நாலாயிரத்திலிருந்து பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் மாத்திரை இந்த நோயின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. அந்த மாத்திரைக்கு நோய் கட்டுப்படுகிறவர்களின் ஆயுள் இன்று மற்றவர்களின் ஆயுளை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. மைத்துனர் தினமும் சோற்றுக்குப் பிறகு ஒன்று போடுகிறார். போன வாரம் லோரி டயர் விலையைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் புலம்பினார்.

அப்பாவுக்கும் இதே நோய்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவர் இரத்தத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லையே.

இன்னொன்று. எல்லாவற்றையும் 'இரத்தப் புற்றுநோய்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியது சரியில்லை. வசதியான நாடுகளில் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற வகை வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முதியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு வகையோ இன்றும் பலரைச் சில மாதங்களில் கொண்டுபோய்விடுகிறது. ஏதாவது ஒரு நாட்டில் எண்ணிக்கை ஏறினால் அங்கே நோய் பெருகிவிட்டது என்றும் உடனே எழுதிவிட வேண்டாம். அப்போதுதான் நோயின் பெயரையே எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

அடுத்த முறை நாடுவாரியாக அட்டவணை போடும்போது, அங்கே நூற்றில் எத்தனை சாவுக்கு மருத்துவர் காரணம் எழுதுகிறார் என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்