97.9-ல் இப்போது ஊர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மத ஒலிபரப்பு நெட்வொர்க்குகள் உள்ளூர் வானொலி நிலையங்களை வரிசையாக வாங்குவது பற்றிப் போன வாரம் ஒரு சின்னச் செய்தி போட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து மாமா போன் செய்து, "என்னப்பா, அங்கயும் மதச் சண்டையா?" என்று கேட்டார். இல்லை மாமா, இது கடன் கணக்கு என்றேன். அதற்கு மேல் போனில் விளக்க வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சிகாகோ புறநகரில் இருபது வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் எனக்கு ஆங்கிலம் புரியும், இந்த ஊர்க்காரர்கள் பேசுகிற ஆங்கிலம்தான் புரியாது. காதைப் பழக்கியது கார் ரேடியோ. முதல் பட்டனில் 97.9 எஃப்.எம், 'தி லூப்' என்று பெயர், 1977-லிருந்து ராக் இசை போட்ட நிலையம். எனக்கு அந்தப் பாட்டுகள் பெரிதாகப் பிடித்ததில்லை. ஆனால் நடுநடுவே பேசுகிறவர் இந்த ஊர் ஆள், எந்த எக்ஸ்பிரஸ்வேயில் லாரி குறுக்கே நிற்கிறது, கப்ஸ் பேஸ்பால் அணி தோற்றதற்கு யாரைத் திட்டலாம், பனி எப்போது நிற்கும் என்று வாய் ஓயாமல் பேசுவார். 1979-ல் இந்த நிலையத்தின் ஸ்டீவ் டால் என்ற அறிவிப்பாளர், தனக்கு டிஸ்கோ ஆகாது என்பதற்காக நேயர்களை டிஸ்கோ இசைத்தட்டுகளோடு பேஸ்பால் மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே சேர்ந்தவற்றை வெடி வைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. நல்ல காரியம் என்று சொல்ல வரவில்லை. ரேடியோக்காரர் ஒருவர் கூப்பிட்டால் ஊர் திரண்ட காலம் அது, அவ்வளவுதான்.

2018 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை காலை காரைக் கிளப்பி அதே பட்டனை அழுத்தினால் மெல்லிசாக ஒரு தேவ கீதம். பக்கத்து பட்டனைத் தட்டிவிட்டேனோ என்று பார்த்தேன், இல்லை, திரையில் 97.9-தான். பாட்டு முடிந்து ஒரு பெண் குரல், இதமான குரல்தான், குறை சொல்ல முடியாது. அலுவலகம் போய்ச் சேரும் வரை கேட்டேன், சிகாகோ என்ற பெயர் வரவில்லை.

வாங்கியது எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன், கே-லவ் என்ற கிறிஸ்தவ இசை நெட்வொர்க்கை நடத்துகிற லாபநோக்கற்ற அமைப்பு. விலை 2 கோடியே 15 லட்சம் டாலர். 1982-ல் கலிபோர்னியாவின் சான்டா ரோசாவில் ஒரே ஒரு நிலையத்தோடு தொடங்கியவர்கள். இன்று சின்னச் சின்ன மறு ஒலிபரப்பிகளையும் சேர்த்து எண்ணினால் நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல். 2019-ல் நியூயார்க்கின் பழைய நிலையமான 95.5-ஐயும், வாஷிங்டன், அட்லாண்டா உட்பட வேறு ஊர்களில் ஐந்தையும் சேர்த்து 10 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள்.

விற்றது யார் என்பதை யாரும் கேட்பதில்லை. அந்த ஆறு நிலையங்களையும் விற்றது க்யூமுலஸ், அதற்கு முந்தின வருடம்தான் திவால் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்த வணிக வானொலிக் கம்பெனி. 1996 வரை ஒரு கம்பெனி நாடு முழுக்க 40 நிலையங்கள் வரைதான் வைத்துக்கொள்ளலாம். அந்த வருடம் சட்டத்தைத் திருத்தி மொத்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், பெரிய கம்பெனிகள் கடனை வாங்கி நிலையங்களை அள்ளின, அப்புறம் விளம்பரப் பணம் இணையத்துக்குப் போய்விட்டது, கடன் மட்டும் நின்றது. அந்த நேரத்தில் கையில் ரொக்கத்தோடு வந்து நிற்பவர் யார்? விளம்பரமே போடாமல், நேயர்கள் மாதாமாதம் அனுப்பும் நன்கொடையில் நடக்கிற மத நெட்வொர்க்தான். ஊர்க் குரலை முதலில் வெட்டியதும் இந்த வணிகக் கம்பெனிகள்தான், ஒரே ஆள் ஏதோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து ஐந்தாறு ஊருக்கு "நம்ம ஊர்" என்று பதிவு செய்து அனுப்புவது அவர்கள் பழக்கிவிட்டது.

2025 தொடக்கத்தில் நடந்ததைப் பார்த்தால் மாமாவுக்குச் சுலபமாகப் புரியும். சேலம் மீடியா என்பதும் கிறிஸ்தவ ஒலிபரப்புக் கம்பெனிதான். அவர்களும் கடனை அடைக்கத் தங்கள் ஏழு கிறிஸ்தவ இசை நிலையங்களை இதே கே-லவ் அமைப்புக்கு 8 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே மதம், அதே வகைப் பாட்டு. உள்ளூர் அறிவிப்பாளர்கள்தான் இல்லை.

இதையெல்லாம் சுலபமாக்கியது 2017 அக்டோபரில் எஃப்.சி.சி, அதாவது இங்கே வானொலி உரிமம் கொடுக்கிற அரசு ஆணையம், எடுத்த முடிவு. உரிமம் வாங்கிய ஊரில் அல்லது அதன் பக்கத்தில் ஸ்டுடியோ இருக்க வேண்டும், அலுவலக நேரத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று சுமார் 80 வருடமாக ஒரு விதி இருந்தது. மூன்றுக்கு இரண்டு ஓட்டில் அதைத் தூக்கிவிட்டார்கள். இந்த நெட்வொர்க்குகள் அதற்கு முன்பே விலக்கு வாங்கித்தான் நடத்தின என்பதும் உண்மை. இப்போது கேட்கவே வேண்டியதில்லை, கட்டணமில்லாத ஒரு தொலைபேசி எண்ணும் டவரும் இருந்தால் போதும்.

போன கோடையில் ஐ-80 நெடுஞ்சாலையில் அயோவா பக்கம் ஓட்டிக்கொண்டு போகும்போது, அடுத்த நிலையத்தைத் தேடித் தரும் சீக் பட்டனை அழுத்திக்கொண்டே வந்தேன். நின்ற இடத்தில் ஒரு பாட்டு. பிடிக்கவில்லை, மறுபடி அழுத்தினேன், வேறு எண்ணில் அதே பாட்டின் அடுத்த வரி. இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு, வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. புயல் எச்சரிக்கை பெரும்பாலான நிலையங்களில் தானாக வந்துவிடும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று சொல்ல ஊரில் ஆள் வேண்டுமே. 2024-ல் ஹெலீன் சூறாவளியில் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் செல்போனும் இணையமும் செத்துப்போனபோது, ஜனங்கள் காரில் உட்கார்ந்து கேட்டது உள்ளூர் ரேடியோவைத்தான்.

இதை மதத்தின் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ்ப்பணியையும் விடமாட்டார். கரகரப்புக்கு நடுவே காதை ஒட்டி வைத்துக் கேட்பார். ஒருமுறை தன் கடிதம் ஊர்ப் பெயரோடு வாசிக்கப்பட்டதை ஒரு மாதம் தெருவெல்லாம் சொன்னார். அந்த வானொலிக்காக எங்கள் பக்கத்து நிலையம் எதுவும் மூடப்படவில்லை. இந்தியாவில் மத அமைப்புகள் தனியார் எஃப்.எம் ஏலத்திலேயே கலந்துகொள்ள முடியாது என்று மாமா நிம்மதியாக இருக்கலாம், ஆனால் அதே எஃப்.எம்கள் சொந்தமாக ஒரு செய்தி வாசிக்கவும் முடியாது என்பதையும் அவர் யோசிக்கட்டும்.

ஒரு விஷயம் பாக்கி. இங்கே ஒவ்வொரு நிலையமும் உள்ளூர்ப் பிரச்சினைகளில் எதைப் பேசினோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட வேண்டும், அதை எஃப்.சி.சி இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். உரிமம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, அப்போது நேயர்கள் ஆட்சேபம் எழுதலாம். இல்லினாய் மாநிலத்துக்கு அடுத்தது 2028-ல். நான் எழுதப் போகிறேன். இங்கே உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கிற தமிழர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களும் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிகாகோ புறநகர்