வால்ட் சார், உங்க ஊர்ல எனக்கு ஓட்டு உண்டா?

வால்ட் டிஸ்னி சாருக்கு,

பெங்களூர் வைட்ஃபீல்டுல இருந்து எழுதறேன். மிக்கி மவுஸ் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, நான் எழுதறது நீங்க கட்டாம விட்டுட்டு போன ஊர் பத்தி, அதான் எப்காட்.

1966 அக்டோபர்ல பெரிய மேப் முன்னாடி குச்சியோட நின்னு ஃப்ளோரிடா பிளானை விளக்கினீங்களே, அந்த ஃபிலிமை யூட்யூப்ல பார்த்தேன். அதை எடுத்து ரெண்டு மாசம்கூட ஆகல, டிசம்பர் 15 நீங்க போயிட்டீங்க. முடியாம இருந்த மனுஷன்னு சொல்லவே முடியாது சார், அவ்ளோ உற்சாகம்.

பிளானைப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சது, பொய் சொல்லல. 20,000 பேர் குடியிருக்கற ஊர், நடுவுல 50 ஏக்கர் டவுன், மேல கூரை போட்டு ஏசி, வெயிலும் கிடையாது மழையும் கிடையாது, அதுக்கும் மேல வானத்தை தொடற ஹோட்டல், சுத்தி பச்சை, அதைத் தாண்டி வீடுங்க. கார் ஒரு அடுக்கு, லாரி இன்னொரு அடுக்கு, ரெண்டும் தரைக்கு கீழ. வேலைக்கு போறவங்களுக்கு மோனோரெயில், அப்புறம் நிக்காமலே ஓடற பீப்பிள்மூவர்ங்கற சின்ன பெட்டி வண்டிங்க. அவுட்டர் ரிங் ரோடுல கேப்ல உட்கார்ந்து, முன்னாடி நிக்கற தண்ணி லாரி பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு மனப்பாடம் ஆகற அளவுக்கு பார்த்துட்டு வர்றவ கிட்ட இதெல்லாம் காட்டினா எப்படி இருக்கும் சொல்லுங்க.

நிலம் வாங்கின விதமும் எங்களுக்கு பழகின கதைதான். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட சுத்தி கண்டவங்களும் மோட்டல் கட்டி காசு பார்த்துட்டாங்கன்னு கடுப்பாகி, இந்த தடவை டம்மி கம்பெனிங்க பேர்ல சத்தமில்லாம 27,000 ஏக்கருக்கு மேல வளைச்சீங்க, ஏக்கர் சராசரியா 200 டாலர்கூட இல்ல. தேவனஹள்ளி ஏர்போர்ட் பக்கம் நிலம் வாங்கினவங்க கதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஊர் சார் இது.

ஆனா இந்த ஊரைப் பத்தி நீங்க சொன்ன ஒரு இடத்துல நான் நிறுத்தி திரும்ப படிச்சு பார்த்தேன். யாருக்கும் சொந்த நிலம் கிடையாது, அதனால ஓட்டும் கிடையாது, எல்லாரும் வாடகைன்னு சொல்றீங்க. சர்வ சாதாரணமா.

நானும் வாடகைதான். போன கோடைல எங்க அபார்ட்மெண்ட்ல போர் வத்திப்போய் டேங்கர் தண்ணி காசை எல்லார் பில்லுலயும் ஏத்தினாங்க, அதைப் பேச க்ளப் ஹவுஸ்ல மீட்டிங், லிஃப்ட்ல நோட்டீஸ், கீழ சிவப்புல 'ஓனர்ஸ் மட்டும்'. குளிக்கறது நான், காசு கட்டறது நான், பேசறது துபாய்ல இருக்கற ஓனர், அதுவும் ஜூம்ல. இத்தனைக்கும் ஜிம் இருக்கு, நீச்சல் குளம் இருக்கு, பிரவுச்சர்ல போட்ட ரிசார்ட் மொத்தமும் இருக்கு.

நீங்க போனப்புறம் நடந்ததைத்தான் சொல்லணும். உங்க அண்ணன் ராய் ரிட்டயர்மெண்ட தள்ளிப்போட்டுட்டு பாக்கி வேலையை எடுத்துக்கிட்டார். ஊர் கட்டப்போறோம்னு சொல்லி கேட்ட அதிகாரம் எல்லாம் 1967ல சட்டமா கிடைச்சிருச்சு, ரீடி க்ரீக் டிஸ்ட்ரிக்ட்னு பேர். ரோடு, வடிகால், தீயணைப்பு, கட்டட விதி எல்லாம் டிஸ்னி கம்பெனி கையில, வேணும்னா அணு மின் நிலையம்கூட கட்டிக்கலாம்னு இருந்துச்சு. ஓட்டு ஏக்கர் கணக்குல, நிலம் யாருதுன்னு உங்களுக்கே தெரியும். அந்த 20,000 பேர் மட்டும் வரவே இல்ல. 1971ல பார்க்கும் ஹோட்டலும் திறந்தாங்க, அந்த வருஷ கடைசியிலயே ராயும் போயிட்டார். 1982ல எப்காட்னு ஒரு தீம் பார்க் திறந்தாங்க, பெரிய பந்து மாதிரி கட்டடம், நாட்டுக்கு ஒரு பெவிலியன், சாப்பாடு, பட்டாசு. சாயந்திரம் ஆனா எல்லாரும் ரூமுக்கு திரும்பிடுவாங்க. 2023ல ஃப்ளோரிடா அரசு அந்த டிஸ்ட்ரிக்ட் போர்டை தன் கைக்கு எடுத்துக்கிச்சு, அது தனி அரசியல்.

உங்களை ஏமாத்திட்டாங்கன்னு நிறைய பேர் வருத்தப்படறாங்க. எனக்கு அப்படி தோணல. ஓட்டு போடாத ஜனம்னா அது டூரிஸ்ட்தான சார், உங்க ஆளுங்க பிளானை நேர் வழியில முடிச்சிட்டாங்க. கார் எந்த அடுக்குல போகணும்னு யோசிச்ச அளவுக்கு, குடியிருக்கறவன் கோபப்பட்டா எங்க போய் நிப்பான்னு நீங்க யோசிக்கல, யோசிக்க டைமும் கிடைக்கல.

இன்னொண்ணு. ரிட்டயர் ஆனவங்களுக்கு இடமில்ல, எல்லாருக்கும் வேலை இருந்தாகணும்னும் சொல்லியிருக்கீங்க. எங்கப்பா ரயில்வேல ரிட்டயர் ஆகி என்கூடத்தான் இருக்கார். காலையில பேப்பரோட கேட்டுக்கு போயிடுவார், அங்க செக்யூரிட்டி தர்மபுரிக்காரர், ரெண்டு பேரும் சேர்ந்து எந்த டேங்கர் பாதி தண்ணியோட வருதுன்னு நோட்டுல குறிச்சு வச்சிருக்காங்க. மீட்டிங்ல கடைசியில எடுபட்டது அந்த நோட்டுதான். உங்க ஊருக்கு நான் வேலை கிடைச்சு வர்றேன்னே வைங்க, இவரை என்ன பண்றது சார்?

இப்படிக்கு,
வைட்ஃபீல்டுல வாடகைக்கு இருக்கறவ