மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் அடுக்ககத்தின் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு இங்கே வாடகை வாங்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் குடித்தனக்காரர்களுக்கு இடமில்லை. பொதுக்குழுவுக்கு ஒருமுறை வந்தேன். "ஓனர்ஸ் மட்டும் பேசலாம்மா" என்று உட்கார வைத்தீர்கள். காபி நன்றாக இருந்தது. மாதம் 3,200 ரூபாய் மெயின்டனன்ஸை ஐந்து வருடமாக என் கணக்கிலிருந்துதான் அனுப்புகிறேன், ரசீது மட்டும் ஓனர் பெயரில் வருகிறது. அதனால் பேச எனக்கு வேறு இடம் இல்லை.

விஷயம், சனிக்கிழமை ராத்திரிகள்.

நானும் அம்மாவும் பி பிளாக்கில் கடைசி மாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. அவர் படுக்கிற அறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. போன தீபாவளிக்குப் பிறகு, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், பதினோரு மணிக்கு மேல் அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் இழுபடும். அப்புறம் ஸ்பீக்கர். பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு பாட்டையும் முழுசாக ஓட விடமாட்டார்கள், அதுதான் தாங்காது. பேச்சு, சிரிப்பு, சில நாள் சண்டை, சண்டை முடிந்தால் யாராவது ஒருவர் அழுவார். கடைசியாக பாட்டில். காலி பாட்டில் கை தவறி விழுந்து, மழைத் தண்ணீர் வடிவதற்காகப் போட்டிருக்கும் சரிவில் மெதுவாக உருண்டு, மூலைக் குழாய்ப் பக்கம் சுவரில் 'டக்'கென்று முட்டி நிற்கும். அது உருளுகிற முழுத் தூரமும் எங்களுக்குக் கேட்கும். அம்மா இருட்டில் கண்ணைத் திறந்தபடி அதை எண்ணிக்கொண்டு படுத்திருப்பார். "இன்னும் ஒண்ணு உருளணும்டீ, அப்புறம் இறங்கிடுவாங்க" என்பார். அநேகமாகச் சரியாக இருக்கும்.

ஞாயிறு காலை வாட்ச்மேன் அண்ணன் சாக்குப் பையோடு மேலே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார். படியில் என்னைப் பார்த்தால், "யாருன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்கம்மா" என்று அவராகவே சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

முதலில் என் ஓனரிடம்தான் சொன்னேன். கோவையில் இருக்கிறார், தன்மையானவர், வாடகையை ஒரு நாள் முன்னால் கேட்டதில்லை. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா. ரொம்பக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, அட்வான்ஸை ரெடி பண்ணிடறேன்" என்றார். இதில் மிரட்டல் எதுவும் இருப்பதாக அவர் நினைத்திருக்க மாட்டார். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கடைசி வரியின் கனம் தெரியும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்டிங் என்று பழைய அட்வான்ஸில் ஒரு பிடித்தம், லாரிக்கூலி, அம்மாவை ஏழு வருடமாகப் பார்க்கிற டாக்டரை விட்டுத் தூரம் போவது. தப்பு செய்கிறவர் மேலேயே இருப்பார், தூங்க முடியாதவர் மூட்டை கட்ட வேண்டும்.

என் புகார் அவர் வழியாக உங்கள் குழுவுக்கு வந்தது. நீங்களும் நடவடிக்கை எடுத்தீர்கள், மறுக்கவில்லை. சி பிளாக் முதல் மாடியில் இருந்த நாலு பையன்களின் ஓனருக்குக் கடிதம் போனது. பேச்சிலர்கள், அதனால் அவர்களாகத்தான் இருக்கும். ஒரே மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வைத்தீர்கள். அதோடு, 'இனி குடும்பங்களுக்கு மட்டுமே வாடகைக்கு' என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாளும் ஒட்டினீர்கள்.

அந்தப் பையன்கள் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை பகல் நடக்கும்போது இங்கே சனிக்கிழமை விடியும், அதுவரை வேலை. அப்புறம் பஸ் பிடித்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை ராத்திரி அந்த வீடு பூட்டிக் கிடக்கும். இதை யாராவது கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாடா ஏஸ் வந்து நின்றது. இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஒரு வாஷிங் மெஷின், கயிறு கட்டிய நாலைந்து அட்டைப் பெட்டி, அவ்வளவுதான் நாலு பேருடைய குடித்தனம். ஒரு பையன் மட்டும் மூன்று மாடி ஏறி வந்து, அம்மாவிடம் எப்போதோ இரவல் வாங்கியிருந்த குக்கர் வெயிட்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை, பதினொன்றே முக்காலுக்கு, பாட்டில் உருண்டது.

இங்கேதான் உங்களை ஒன்று கேட்க வேண்டும். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது. சாவி எந்தக் குடித்தனக்காரரிடமும் கிடையாது. வடாம் காய வைக்க அம்மா கேட்டதற்கே பதிவேட்டில் கையெழுத்து வாங்கினீர்கள், நாலு மணிக்குள் திருப்பித் தரவும் சொன்னீர்கள். அப்படியென்றால் ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கதவை யார் திறக்கிறார்கள்? பதில் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் சொந்த வீட்டுக்காரர், அடுக்ககம் கட்டிய நாளிலிருந்து இருப்பவர், சங்கத்தில் செல்வாக்கு உள்ளவர். பெயர் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் 100-க்கு போன் செய்தேன். ரோந்து வண்டி வந்தது, மேலே போனார்கள், சத்தம் நின்றது. இறங்கி வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "நீங்க ஓனரா, டெனன்ட்டா?" மறுநாள் காலை உங்களிடமிருந்து எனக்கு வந்த செய்தி, போலீஸ் வந்தால் அடுக்ககத்தின் பேர் கெடும், வீட்டு விலை இறங்கும் என்பது. மாடியில் சத்தம் போட்டவரிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மத்திய அரசின் 2000-ஆம் வருடத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ராத்திரிக் கணக்கு. குடியிருப்புப் பகுதியில் சத்தத்துக்கு உச்ச வரம்பு பகலுக்கு 55 டெசிபல், ராத்திரிக்கு 45. இது குடித்தனக்காரருக்கு மட்டும் போட்ட விதியல்ல, பத்திரம் கையில் இருந்தால் கூடுதலாக பத்து டெசிபல் என்று எங்கும் எழுதவில்லை. பொதுத் தொல்லைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆவது பிரிவில் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 290 என்ற எண்ணில் இருநூறாக இருந்தது. ஆயிரம் என்பது அந்த மாடியில் ஒரு ராத்திரிக்கு ஆகிற செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அபராதம் போக, தொல்லையை நிறுத்தச் சொல்லி நிர்வாக நடுவரே (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) உத்தரவு போட வழியிருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. ஆனால் அவர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். 'பொது'த் தொல்லை என்று காட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் தொந்தரவு என்றால் அது சிவில் கோர்ட், தடை உத்தரவு, வாய்தா என்று வேறு பாதை. பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் முத்திரையோடு போனால் அதே புகாருக்கு வேறு மதிப்பு. ஒண்டியாக இருக்கும் என்னை நீங்கள் அட்ஜஸ்ட் செய்யச் சொல்லும்போது, என் கையில் இருந்த ஒரே ஆயுதத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறீர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, குடித்தனக்காரர்கள் எல்லாரும் தங்கமா என்று கேட்பீர்கள். இல்லை. ஏ பிளாக் தரைத்தளத்தில் இருப்பவரும் என்னைப் போல வாடகைக்கு இருப்பவர்தான். சரிவுப் பாதையை மறித்து வண்டியை நிறுத்துகிறார், எடுக்கச் சொன்னால் வாட்ச்மேன் அண்ணனை 'வாடா போடா' என்கிறார், ஒருமுறை சட்டையைப் பிடித்திருக்கிறார். வீல்சேரில் வரும் பெரியவர் ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்த வண்டியைச் சுற்றி இறங்கியதை நானே பார்த்தேன். அவருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவருடைய ஓனர் எங்கே? வெளிநாட்டில். ஐந்தாம் தேதி வாடகை வந்ததா என்று பார்ப்பார், சங்கம் போன் செய்தால் எடுக்க மாட்டார். மார்க்கெட்டைவிட இரண்டாயிரம் கூடுதலாக வாடகை தருகிறவரைப் பகைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டாயிரத்தை, ஒரு வகையில், வாட்ச்மேன் அண்ணன்தான் சம்பாதித்துக் கொடுக்கிறார்.

வெளியூர் ஓனர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். உங்கள் கையைச் சட்டம் கட்டிப் போடவில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், அதாவது 2017-இல் இயற்றிய நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்றாக 'தவறான பயன்பாட்டை' வைத்திருக்கிறது. பொதுத் தொல்லை தருவதும், சட்ட விரோதமான காரியத்துக்கு வீட்டைப் பயன்படுத்துவதும் அதில் அடக்கம். ஆனால் நிறுத்தச் சொல்லி முதலில் நீங்கள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்தால்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும். நம் அடுக்ககத்தில் எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறீர்கள்? ஸ்டாம்ப் பேப்பரில் பதினோரு மாதம் என்று அடித்து, ஆளுக்கொரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்வதோடு சரி. அப்புறம் பிரச்சினை வந்தால் குறுக்கு வழி: மோட்டார் சுவிட்சை அணை, ஃபியூஸைப் பிடுங்கு. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. போன வருடம் சி பிளாக்கில் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் வராமல் போனதற்குக் குழாய் அடைப்புதான் காரணம் என்று நான் நம்பவில்லை.

சென்னையில் 2012-இல் வங்கிக் கொள்ளைகளுக்குப் பிறகு, வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களை ஓனர்கள் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் படிவத்தில் என் போட்டோவும் அம்மாவின் போட்டோவும் இருக்கின்றன. நாங்கள் எங்கே வேலை பார்க்கிறோம், முன்பு எங்கே இருந்தோம் என்றெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சங்கத்துக்கும் ஒரு பிரதி தந்தேன். எங்களைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், தொல்லை என்று வந்தவுடன் முதலில் தேடுவது எங்கள் பக்கம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் வேறு மாதிரி. ஏ பிளாக் இரண்டாம் மாடியில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். சாயங்காலத்தில் குதித்துக்கொண்டே இருப்பான், கீழ் வீட்டுக்கு இடி மாதிரி விழும். கீழ் வீட்டு அம்மா புகார் கொடுத்த இரண்டாம் நாளே அந்தக் குடும்பத்துக்கு 'நியூசன்ஸ்' என்று தலைப்பிட்ட நோட்டீஸ் போனது. அவர்களும் வாடகைக்கு இருப்பவர்கள். பையனின் அம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கீழ் வீட்டுக்கே போய்விட்டார். அரை மணி நேரம் பேசினார்கள். விளையாட்டுப் பள்ளிகளில் விரிப்பார்களே, பல் பல்லாகக் கோக்கிற பஞ்சு விரிப்பு, அதை வாங்கிக் கூடம் முழுக்கப் போட்டார். கீழ் வீட்டு அம்மா தன் மாலைத் தூக்கத்தை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டார். இப்போது அந்தப் பையன் கீழ் வீட்டில் போய் முறுக்கு தின்கிறான். தாளில் 'நியூசன்ஸ்' என்று எழுதியவர் யாரோ, அந்தத் தாளை இன்னும் திரும்பப் பெறவில்லை. ஒரு குழந்தைக்கு இரண்டு நாளில் நோட்டீஸ், நாலு மாதமாகப் பாட்டில் உருட்டுகிறவருக்கு ஒரு வரி கிடையாது.

நான் கேட்பது பெரிய காரியங்கள் இல்லை. வாட்ச்மேன் அறையில் புகார்ப் புத்தகம் ஒன்று வையுங்கள், அதில் ஓனரும் எழுதலாம் குடித்தனக்காரரும் எழுதலாம் என்று மேலட்டையிலேயே போடுங்கள். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, 80 பக்க நோட்டு. தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், பதினான்கு ராத்திரிகள். வேண்டுமென்றால் அதிலிருந்தே தொடங்கலாம். புகார் வந்தால் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அதற்கும் மசியாதவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள், வீடு வாடகையென்றால் அதன் ஓனருக்கும் ஒரு பிரதி. அப்புறமும் தொடர்ந்தால் சங்கத்தின் பெயரிலேயே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அங்கே தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வாருங்கள். மேலே குடிப்பவர் யாராக இருந்தாலும் இதே வரிசை. வாட்ச்மேன் அண்ணன் மேல் கை வைத்தவருக்கு மட்டும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மனு.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடுங்கள். அந்த நாலு பையன்களின் ஓனருக்குத் தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதுங்கள், அவர்களுடைய அட்வான்ஸில் பிடித்ததை அவர் திருப்பிக் கொடுக்கிறாரா என்று பார்க்கலாம்.

புத்தகம், மனு எல்லாம் அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கிற விஷயம், தெரியும். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வருகிறது. அன்றைக்கு ராத்திரி மாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அம்மா கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
பி பிளாக், கடைசி மாடிக் குடித்தனக்காரி