தாய்வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வருபவர்களை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்கட்கு,

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வருவது எங்கள் வழக்கம். கொழும்பிலோ வவுனியாவிலோ குடியிருக்கும் பிள்ளைகள் ஏழாம் எட்டாம் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகும் சில காலம் இருந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்த வழக்கத்தில் எனக்குக் குறையில்லை. அந்தக் காலத்தில் தாயையும் சேயையும் பார்க்க வரவேண்டியவருக்கு அவர்கள் வந்திருப்பதே தெரியாமல் போவதுதான் என் கவலை.

கர்ப்பிணி ஒருவர் தான் குடியிருக்கும் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது அரச மருத்துவமாதுவிடம், பதிகிறார். பிள்ளை பிறந்ததும் வீடு தேடி வருபவரும் அவரே. முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம், மூன்றாம் வாரமளவில் ஒரு தரம், ஆறாம் வாரமளவில் இன்னொரு தரம் வரவேண்டும் என்பது ஒழுங்கு. ஒரு சதமும் செலவில்லை. ஆனால் பதிவு கொழும்பில், தாய் கரவெட்டியில் என்றால் அங்கேயுள்ளவர் வெறும் வீட்டுக் கதவைத் தட்டுவார், இங்கேயுள்ளவருக்குச் செய்தியே எட்டாது. நெடுந்தீவிலிருந்து திகதிக்கு முன்பே கடல் கடந்து வந்து, உறவினர் வீட்டில் தங்கிப் பிள்ளை பெறுபவர்களுக்கும் இதே நிலைதான்.

எங்கள் ஒழுங்கையில் தாய்வீடு வந்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்து இரண்டாவது வாரம். குழந்தை ஓயாமல் அழுகிறது, தாய்க்கு முலைக்காம்பு வெடித்துப் புண். "பால் காணாது, மாப்பால் குடு" என்று ஒருவர், "நாவூறு பட்டிட்டுது" என்று இன்னொருவர். அந்தத் தாயோ குழந்தையைக் கையில் வாங்கவே பயந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவித்ததும் மறுநாளே ஸ்கூட்டியில் வந்துவிட்டார். தாய்க்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்து, குழந்தை காம்பின் நுனியை மட்டும் சப்புவதைக் காட்டினார். வாயை நன்றாகத் திறக்கவிட்டு, நாடி மார்பில் படும்படி அணைத்து, காம்பைச் சுற்றியுள்ள கருமையும் வாய்க்குள் போகும்படி கொடுக்கச் செய்தார். விழுங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. பிறகு அம்மம்மாவைக் கூப்பிட்டு, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார். அந்த வீட்டில் அம்மம்மா சொல்வதுதான் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பத்தியக்கறியையும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கையும் அவர் குறை சொல்லவில்லை. இதுதான் அனுபவம்.

தாயின் மனநிலையையும் அவர் தனியே விசாரித்தார். அழுகையும் வெறுப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வைத்தியரிடம் காட்டவேண்டிய நோய். "பழகினால் சரிவரும்" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். கடும் இரத்தப்போக்கு, காய்ச்சல், வலிப்பு, கண் மங்கலோடு தலையிடி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலவசம்.

வைத்தியசாலைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். துண்டு வெட்டும்போது கிளினிக் கொப்பியில் உள்ள விலாசத்தோடு நிற்காமல், "இப்ப எந்த வீட்டுக்குப் போறீங்கள்?" என்று கேட்டு, அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். வீட்டாரும், மகள் வந்து இறங்கிய கிழமையே கிளினிக் கொப்பியோடு உள்ளூர் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். மருமகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் குழந்தையைத் தூக்கி ஆற்ற அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கோவில் திருவிழா விபரங்களுக்குத் தங்கள் பத்திரிகை தாராளமாக இடம் தருகிறது. ஒவ்வொரு பிரிவிலும் கர்ப்பிணிகள் கிளினிக், குழந்தைகள் கிளினிக் நடக்கும் நாள், நேரம், இடம், பணிமனைத் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றையும் மாதம் ஒருமுறை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கரவெட்டி.