பட்டியலில் பாதியை வெட்டிவிட்டேன், கோபிக்காதே

ஹட்டன்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மாமிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் நிம்மதி. மூத்தவள் பல்கலைக்கழகம் போகப் போகிறாளா? நான் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது, சம்பலைத் தொட்டு ஒரு வாய் ரொட்டி தின்றுவிட்டு உறைக்குது என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இங்கே எல்லோரும் சுகம். குளிர் வந்தால் அம்மாவுக்கு மூட்டுவலி, அது உனக்குத் தெரிந்ததுதான். தம்பி இன்னும் கொழும்பில்தான், கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறான்.

"ஒரு போனையும் ஒரு கொப்பியையும் வைத்துக்கொண்டு என்னடா வேலை செய்கிறாய், அதற்கு யார் காசு தருகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். அடுத்த பக்கத்திலேயே ஓகஸ்ட்டில் குடும்பத்தோடு வருகிறாய், ஆறே நாளில் சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி எல்லாம் பார்க்க வேண்டும் என்கிறாய். உன் கேள்விக்குப் பதில் உன் பட்டியலிலேயே இருக்கிறது மச்சான். சுற்றுலா வருகிறவர்களிடம் இப்படி ஒரு பட்டியலை வாங்கி, அதில் பாதியை வெட்டிப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்து, வெட்டியதற்கு ஆள் கோபிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்.

இப்போது பாதிப் பேர் சாட்ஜிபிடி போட்டுக் கொடுத்த திட்டத்தோடு வருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், நேரம் எல்லாம் நிமிடக் கணக்கில் இருக்கும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர்தானே, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்பட்டால் பத்து மணிக்கு அங்கே நிற்கலாம் என்று எழுதியிருக்கும். கம்பளையைத் தாண்டி றம்பொடை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்தவனுக்குத்தான் 77 கிலோமீற்றர் என்றால் என்ன என்று தெரியும். நம் பக்கத்தில் தூரத்தை மணியில்தான் சொல்ல வேண்டும். அந்த மணியும் மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, ஏப்ரல் சீசனுக்கு வேறொன்று.

அதனால் காலையில் எழுந்ததும் முதல் வேலை வானத்தை விசாரிப்பது. றம்பொடையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற அக்காவுக்கு ஒரு அழைப்பு, அப்புத்தளையில் ஒரு ஆட்டோக்காரருக்கு ஒரு அழைப்பு. மண் சரிந்திருக்கிறதா, பனி எப்படி என்று அவர்கள் சொன்னால் போதும். பிறகு டிரைவர் அண்ணன்மார். அப்புறம்தான் வாட்ஸ்அப் பக்கம் போவேன். இலண்டனில் நள்ளிரவு, சிட்னியில் பகல், எல்லோருக்கும் நான்தான் விழித்திருக்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளிக்குக் காலை ஆறு மணிக்கே போய்ச் சேர வேண்டுமா என்று கேட்பவருக்கு ஆமாம், ஒன்பது மணி தாண்டினால் உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்து மலை விளிம்பில் வெள்ளைப் பனியைத்தான் பார்ப்பீர்கள் என்று பதில் போட வேண்டும். பொலித்தீன் பை எதுவும் கொண்டுபோகாதீர்கள், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்பதும் அதோடு போகும்.

9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து உங்கள் செய்தியிலும் வந்திருக்குமே. பகல் பதினொன்றரை போல நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அந்த நேரம் நுவரெலியாவில் சாப்பிட்டு முடித்திருந்தது. கார்டு மெசின் வேலை செய்யவில்லை, கையில் காசும் இல்லை. டிரைவர் அண்ணன் தன் பொக்கெட்டிலிருந்து பில்லைக் கட்டினார். அந்த வீட்டுத் தாத்தா எனக்குப் போன் எடுத்து, "தம்பி, சீத்தை அம்மன் கோயிலுக்கு வந்த இடத்தில் குரங்கு வேலையைக் காட்டிவிட்டது பார்" என்று சிரியோ சிரி என்று சிரித்தார். அப்படிப்பட்ட ஆட்கள் கிடைத்தால் வேலை வேலையாகவே இருக்காது.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். போன வருஷம் வந்த 20 இலட்சத்துச் சொச்சம் பேரில் முதலிடம் அவர்களுக்குத்தான். போன மே மாதம் சீத்தாஎலியவில் அந்தச் சீத்தை அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்த பிறகு அந்தப் பக்கம் இன்னும் கூட்டம். மரக்கறிச் சாப்பாடு, மத்தியானம் நடை சாத்துகிற நேரம், வயதானவர்கள் ஏறும் படி, இதையெல்லாம் கேட்டுவைத்தால் பாதிச் சண்டை வராது.

சரி, காசு விஷயம். நான் ஆளிடம் நேராகக் கூலி வாங்குகிறேன், கடைகளிடம் கொமிஷன் வாங்குவதில்லை. வாசனைத் தோட்டம், மாணிக்கக் கடை என்று வண்டியை நிறுத்தினால் நிறுத்துகிறவருக்கு ஒரு பங்கு கிடைக்கும், அது ஊரறிந்த கணக்கு. அந்தப் பங்கை நம்பி டிரைவர் ஓட வேண்டியிருக்கிறது என்றால் அவருக்கு நாள் கூலி போதவில்லை என்றுதான் அர்த்தம். அதனால் கூலியைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, நிறுத்த வேண்டாம் என்கிறேன். சில வாடிக்கையாளர்கள் இதனால் என்னை விலை கூடின ஆள் என்கிறார்கள். சொல்லட்டும்.

டிரைவர் படுக்கிற இடம் இன்னொரு கதை. ஒரு ஹோட்டலைப் பட்டியலில் சேர்க்கும் முன் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். போன மாதம் ஓரிடத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். முன்னால் கண்ணாடி வரவேற்பறை, கம்பளம், விறகு எரிகிற கணப்பு எல்லாம் இருந்தது. டிரைவர் அறையைக் காட்டுங்கள் என்றதும் மனேஜர் முகம் மாறிவிட்டது. ஜெனரேட்டருக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு அறை. நாலு இரும்புக் கட்டில், சுவரில் ஈரம் ஒழுகி மெத்தையின் ஓரம் பச்சை பிடித்திருந்தது. ஒரு கட்டிலில் யாரோ சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்பளியை இழுத்து மூடிப் படுத்திருந்தார். அந்த மனுசன்தான் விடிந்ததும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ரெண்டாம் கியரில், பிரேக் சூடாகாமல் மலையிறங்க வேண்டும். நான் கொப்பியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். விருந்தாளியின் மெத்தை எவ்வளவு தடிப்பு என்பதை விட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கொழுந்து பறிக்கிற பெண்களோடு படம் எடுக்க வேண்டும் என்று கேட்காத ஆள் இல்லை. கூடையோடு வேண்டும் என்பார்கள். இப்போது பெரும்பாலும் சாக்குத்தான், கூடை படத்தில்தான் இருக்கிறது. வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு மலைக்குள் ஏறாதீர்கள் என்று முதலிலேயே எழுதிவிடுவேன். போன செப்டம்பரில் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது உனக்குத் தெரியும். அதை முழுசாக வாங்க நிறுவையில் கிலோக் கணக்கு நிற்க வேண்டும். படத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிற நேரமும் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன? உங்கள் அம்மாவும் எங்கள் அம்மாவும் ஒரே மலையில் நிரை பிடித்தவர்கள். சேலை கட்டிவிட்டு, சாக்கை மாட்டிவிட்டு ‘கொழுந்து பறிக்கும் அனுபவம்’ என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஆகாது.

ஆனால் மனசுக்குப் பிடித்த வேலையும் வரும். கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா வந்தார், வயது அறுபதுக்கு மேல். தோட்டத்துத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன குடும்பம். அப்பா பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கையில் இருந்தது தோட்டத்துப் பெயரும், தோட்டத்தின் மேல் பிரிவைச் சொல்கிற மேற்கணக்கு என்ற ஒரு சொல்லும் மட்டும். அந்தப் பெயரில் இப்போது தோட்டமே இல்லை, பக்கத்துத் தோட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஒப்பீசில் கேட்டுப் பயனில்லை என்று கோயில் பக்கம் போனேன். பழைய தோட்டத் தலைவர் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே மன்மதன் ரதி கதையை ஆடுகிற காமன் கூத்தைப் பற்றித்தான், "உங்கப்பா காமன் கூத்துல என்ன வேஷம் கட்டுனாரு?" அந்த அம்மா ரதி என்றார். தலைவர் எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர்கள் குடியிருந்த லயம், அந்த வரிசை வீடுகள், இடிந்து பாதிதான் நிற்கிறது, காமன் பொட்டல் மட்டும் அப்படியே இருந்தது. மாசி அமாவாசை கழிந்தால் அங்கேதான் கம்பம் நடுவார்களாம். அந்த அம்மா மண்ணையெல்லாம் அள்ளவில்லை, அழவுமில்லை. அப்பா எந்தப் பக்கமிருந்து வருவார், தப்பு அடிக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைய திட்டத்தில் அதற்குப் பிறகு மூன்று இடம் இருந்தது. மூன்றையும் விட்டுவிட்டோம். லயத்தில் ஒரு வீட்டில் பால் தேத்தண்ணி தந்தார்கள், இருட்டும் வரை கதைத்தார்கள்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஓகஸ்ட்டில் தென்மேல் பருவமழை முழுசாக விட்டிருக்காது. ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி எல்லாம் நசநச என்று இருக்கும். சிவனொளிபாதமலைக்கும் அது சீசன் இல்லை, டிசம்பர் போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்குத் தொடங்கி, மே மாத வெசாக்கோடு முடிந்துவிடும். அதே நேரம் பண்டாரவளை, எல்ல இருக்கிற ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசும், வானம் திறந்திருக்கும். இதற்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன், உனக்கு மறக்காது: தேயிலை எங்கே ருசியோ அங்கே போ. நம் ஹட்டன் இருக்கிற திம்புலப் பக்கத்துக்கு நல்ல தேயிலை ஜனவரியிலிருந்து மார்ச் வரை, ஊவாவுக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. ரெண்டு பக்கத்துக்கும் காய்ந்த காலம்தான் ருசியைத் தருகிறது. நமக்கு வேண்டியதும் அந்தக் காலம்தான்.

அதனால் யாலவையும் காலியையும் சிகிரியாவையும் வெட்டிவிட்டேன். சிகிரியா உன் பிள்ளைகளுக்குச் சரி, மாமியின் முழங்காலுக்குச் சரிவராது. கண்டியில் ஒரே இரவு, அதுவும் 8ஆம் திகதி நிக்கினிப் போயா கழிந்த பிறகு. பெரஹரா ஊர்வல நாட்களில் அறை விலையைக் கேட்டால் நீ திரும்பிப் பிளேன் ஏறிவிடுவாய். பண்டாரவளையில் மூன்று இரவு. கடைசியில் ஹட்டனில் எங்கள் வீட்டில் இரண்டு இரவு, மழை பெய்தால் பெய்யட்டும். அம்மா இப்போதே உனக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் என்று தொடங்கிவிட்டார்.

ரயில் கோச்சி கட்டாயம் உண்டு, ஆனால் கண்டியிலிருந்து எல்ல வரை ஏழு மணி நேரம் உட்காராதே. நானுஓயாவில் ஏறு. அதற்குப் பிறகுதான் அம்பேவெல, 1,898 மீற்றர் உயரத்தில் பட்டிபொல, அப்புறம் அந்தச் சுரங்கம். இந்தப் பக்கம் தூறினால் அந்தப் பக்கம் ஒஹியவில் வெயில் அடிக்கும் என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பந்தயம் கட்டினோமே, அதேதான். எல்லோரும் எல்லயில் இறங்கி ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க மலையிறங்கி ஓடுவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். பாலம் எல்லயைத் தாண்டித்தான் இருக்கிறது, உட்கார்ந்தபடியே அதன் மேல் போகலாம். பெட்டியிலும் இடம் காலியாகிவிடும். தெமோதரையில் இறங்கினால் தண்டவாளம் வளைந்து போய் அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். வேன் அங்கே வந்து நிற்கும்.

ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், திறந்த கையோடு தீர்ந்தும் விடும். டிக்கெட்டை மொத்தமாக வாங்கி விலை கூட்டி விற்ற விவகாரம் விசாரணை வரைக்கும் போனதைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். எனவே நீ எந்தத் திகதியில் நானுஓயாவில் ஏறுகிறாய் என்பதை ஜூன் முடிவதற்குள் எழுது. மாமிக்கு எத்தனை படி ஏற முடியும் என்று டொக்டரிடம் கேள், மாமியிடமே கேட்டால் எல்லாம் முடியும் என்பார். சின்னவனுக்கு வளைவில் வாந்தி வருமா? வரும் என்றால் முன் ஆசனம் அவனுக்கு. கடைசியாக, எத்தனை பெரிய பெட்டி கொண்டு வருகிறீர்கள்? வேனா, பெரிய வேனா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூலியைப் பற்றி ஒன்றும் எழுதாதே, அடி வாங்குவாய். டிரைவர் அண்ணனுக்கு மட்டும் ஒரு நல்ல குளிர்ச்சட்டை, பெரிய சைஸ்.

உன் பழைய பெஞ்சுக்காரன்