பழைய காசு, பதக்கம் வாங்கி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

காசுக் கண்காட்சிகளில் பல வருடமாக உங்களோடு பேரம் பேசிப் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். போன மாதம் ஒரு கடையில் பழைய வெள்ளி ரூபாய்களோடு சேர்த்து ஒரு பதக்கத்தையும் தராசில் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள். முதல் உலகப்போரில் பணிபுரிந்தவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த வெள்ளிப் பதக்கம். எடை குறையக் கூடாதே என்று ரிப்பனைக்கூட கழற்றிவிட்டார்கள். கையில் வாங்கி விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு எண், 'சிப்பாய்' என்ற சொல், அப்புறம் பெயர், கடைசியில் '61 பயனியர்ஸ்' என்பதன் சுருக்கம். பெயரில் எம், யூ, என் என்ற மூன்று எழுத்து மட்டும்தான் மிச்சம், மீதி தேய்ந்து மழுங்கிவிட்டது. பளபளப்பாக இருந்தால்தான் விலை போகும் என்று புளி போட்டுத் தேய்த்ததாகக் கடைக்காரர் சொன்னார்.

61-வது பயனியர்ஸ் நம் மதராஸ் படை. 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவில் இருக்கும் தாங்கா கரையில், பாளையங்கோட்டை பெயர் கொண்ட 63-வது படையோடு சேர்ந்து இறங்கியது. இதைச் சொன்னதும் கடைக்காரர், "இதோட ஒரு பெரிய வெண்கலத் தட்டும் வந்துச்சு சார், போன வாரம்தான் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் வெள்ளிப் பதக்கம் உயிரோடு திரும்பியவருக்கும் கிடைத்தது. அந்தத் தட்டு அப்படியில்லை, போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். 12 சென்டிமீட்டர் அகலம், பிரிட்டனின் அடையாளமான பிரிட்டானியா என்ற பெண் உருவமும் சிங்கமும், பக்கத்தில் இறந்தவரின் பெயர் புடைப்பு எழுத்தில். பதவி கிடையாது, எண் கிடையாது, படையின் பெயரும் கிடையாது.

ஆக, பெயர் ஒருவர் வீட்டில், எண்ணும் படையும் இன்னொருவர் தராசில். இரண்டும் ஒன்றாக இருந்தவரை அது ஒரு மனிதர்!

நம் ஊர்களில் பழைய சுவர்களில் ஒரு கல்லைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். நான் பார்த்த கற்களில் பெயரே இல்லை, வெறும் எண்ணிக்கைதான். இராக்கில் 1929-ல் திறந்த பாஸ்ரா போர் நினைவுச்சின்னத்திலும் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறித்தார்கள், இந்தியச் சாதாரணச் சிப்பாய்களைப் படைவாரியாக எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். இப்படி இந்தியர், ஆப்பிரிக்கர் எனப் பல்லாயிரம் பேரைச் சமமாக நினைவுகூரவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021-ல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் இல்லாத பெயர் இந்த விளிம்பில் இருக்கிறது. அதைத்தான் நாம் புளி போட்டுத் தேய்க்கிறோம்.

வியாபாரத்தை விடச் சொல்லவில்லை, அது உங்கள் பிழைப்பு. ஒரு வீட்டிலிருந்து வந்ததைப் பிரித்து விற்காதீர்கள். தேய்க்காதீர்கள், உருக்கவும் கொடுக்காதீர்கள். விற்கும் முன் விளிம்பை போனில் படம் எடுத்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கொண்டுவந்து கொடுப்பவரிடமும் இது என்னவென்று சொல்லுங்கள். வறுமையில் விற்க வந்திருப்பார், ஆனாலும் தாத்தாவின் பெயர் அதில் இருக்கிறது என்று தெரிந்து விற்கட்டுமே. சிலர் திரும்ப எடுத்துப் போகவும் கூடும்.

வெள்ளி விலைக்கு மேல் கொடுத்து அந்தப் பதக்கத்தை நான் வாங்கிவிட்டேன். அந்த வெண்கலத் தட்டை வாங்கியவர் இதைப் படித்தால், எனக்குத் தட்டு வேண்டாம், அதிலுள்ள பெயரை மட்டும் சொல்லுங்கள். முனுசாமியா, முனியாண்டியா, முனியப்பனா?

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கையாளன்