கார்ட் பட்டன் நின்றுபோன இரண்டு நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் கடை திறப்பது எப்படி என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதுகிறீர்கள். திறந்த கடை சத்தமில்லாமல் நின்றுபோவதைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

என் அக்கா கைத்தையல் பைகள் விற்கும் இணையக் கடை நடத்துகிறார். அதன் தீம், அதாவது கடைப் பக்கங்களின் தோற்றத்தையும் இயக்கத்தையும் அமைக்கும் கோப்புகள், முழுக்க என் பொறுப்பு. போன மாதம், வாங்கியவர்களின் கருத்துகளையும் நட்சத்திரங்களையும் காட்டும் ஆப் ஒன்றைச் சேர்த்தோம். அடுத்த இரண்டு நாள் ஆர்டரே இல்லை. மந்தமான வாரம் என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர், "கார்ட் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை" என்று எழுதினார். பையை வாங்கும் கூடையில் சேர்க்கும் பட்டன் அது. என் கணினியில் பட்டன் ஒழுங்காக வேலை செய்தது. தவறு அவருடைய போனில்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அப்புறம், ஏற்கெனவே திறந்த பக்கங்களின் கோப்புகளை பிரவுசர் சேமித்துவைக்கும் கேஷை அழித்துவிட்டு, இணைய வேகத்தைக் குறைத்து வைத்துத் திறந்தேன். பட்டன் செத்துக் கிடந்தது. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரே ஒரு சிவப்பு வரி: படங்களை நகர்த்தும் ஸ்லைடர் ஃபங்ஷனைக் காணவில்லை என்று. தீமும் ஸ்லைடரும் நம்பியிருக்கும் ஆயத்த நிரல் தொகுப்பான ஜேக்வெரியின் பதிப்பு எண்ணைக் கேட்டால் 1.11.1 என்றது. எங்கள் தீமில் இருப்பதோ 3.6.0!

ஆப் தன்னுடைய பழைய ஜேக்வெரியையும் கூடவே கொண்டுவந்திருந்தது. நிரலில் ஜேக்வெரியை அழைக்கும் சுருக்கப் பெயர் டாலர் குறி; அது ஒரு பக்கத்தில் ஒன்றுதான்; கடைசியாக வரும் ஜேக்வெரி அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்லைடர் 3.6.0 உடன் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் 1.11.1 வந்து உட்கார்ந்ததும், தீம் ஸ்லைடரைத் தவறான இடத்தில் தேடியது. அந்த வரியில் பிழை வந்ததால் அதற்குக் கீழே இருந்தவை ஓடவே இல்லை. கார்ட் பட்டனை இயக்கும் வரிகளும் அங்கேதான் இருந்தன. என் கணினியில் தீம் கோப்புகள் கேஷிலிருந்து உடனே வந்து, பழையது வருவதற்குள் வேலையை முடித்துவிட்டன. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

சரி, பழையதை ஏற்றும் வரியை எடுத்துவிட்டேன். பட்டன் பிழைத்தது, நட்சத்திரங்கள் மறைந்தன. ஆப் தீமுக்குள் போட்டிருந்த நிரல் துணுக்கில் 'சைஸ்' என்ற பழைய ஜேக்வெரி மெத்தட், அதாவது எண்ணிக்கை சொல்லும் கட்டளை, இருந்தது. 2016இல் வந்த 3.0 பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டார்கள். அதை 'லெங்த்' என்று மாற்றியதும் நட்சத்திரங்கள் திரும்பின. நம்மால் திருத்த முடியாத நிரல் என்றால், பழையதை ஏற்றிய கையோடு 'நோகான்ஃபிளிக்ட்' ஃபங்ஷனை 'ட்ரூ' மதிப்புடன் அழைத்து, அதற்கு வேறு பெயர் கொடுக்கலாம். டாலர் குறி பழையபடி தீமுக்கே வந்துவிடும். ஆனால் 2020இல் வந்த 3.5.0க்கு முந்தைய பதிப்புகளில் அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கின்றன. பணம் புழங்கும் கடையில் பழையதை நிரந்தரமாக வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆப் எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள்: பக்கத்தில் ஜேக்வெரி ஏற்கெனவே இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டு உங்களுடையதை ஏற்றுங்கள். அதற்கு இரண்டு வரி போதும். கடைக்காரர்களும் ஆப்பை நீக்கினால் எல்லாம் போய்விட்டது என்று நம்ப வேண்டாம். எங்கள் தீம் கோப்புகளைத் துழாவியபோது, எப்போதோ நீக்கிய ஓர் ஆப்பின் துணுக்கு மூன்றாவது ஜேக்வெரி ஒன்றை ஏற்றும் வரியோடு அப்படியே இருந்தது.

புது ஆப் போட்ட அன்றே, கேஷ் இல்லாத ஒரு போனில் கார்ட் வரை போய்ப் பார்க்கச் சொல்லி உங்கள் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்